பட்டும் பாசியும் கலக்கும்போது கல்சியத்தை எங்கே நிறுத்துவது

பட்டுப் புரதக் கரைசல் ஒரு முகவையில் இருந்தது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றுக் கரைசல் இன்னொன்றில். நான்கு நாள் வேலை. இரண்டும் சரியாக இருக்கின்றன என்று நம்பி ஒன்றை மற்றதில் ஊற்றினேன். கண்மூடித் திறப்பதற்குள் முகவை முழுக்கச் சவ்வரிசிக் கஞ்சி. கலக்கினால் கரைந்துவிடும் என்று கலக்கினேன். கட்டிகள் சின்னதாகி எண்ணிக்கையில் கூடின, அவ்வளவுதான். முகவையைக் கழுவவே அரை மணி நேரம் போனது.

அன்று படித்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பட்டையும் பாசியையும் கலந்து, உயிர்க்கலங்கள் ஏறி வளர ஒரு நுண்துளைப் பஞ்சு செய்யும் இந்த வேலையில் கல்சியம் இரண்டு தடவை வரும். முதலில் பட்டைக் கரைக்க வரும். கரைத்து முடிந்ததும் மிச்சம் மீதி இல்லாமல் அனுப்பிவிட வேண்டும். கடைசியில் பாசியை இறுக்கிப் பிடிக்க நாமே அதைக் கூப்பிடுவோம். இரண்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தால் சவ்வரிசிக் கஞ்சிதான்.

நான் விஞ்ஞானி இல்லை. கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். போத்தல் கழுவுவதும் கரைசல் தயாரிப்பதும் என் கையில் இருப்பதால் எது எங்கே பிழைக்கும் என்பது எனக்குத் தெரியும். பிறந்து வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில். அம்மா இப்போதும் அங்கேதான். சனி ஞாயிறுகளில் இந்த வேலையின் முதல் பகுதியை அம்மாவின் அடுப்பங்கரையில்தான் செய்கிறேன்.

செய்யப்போகும் பொருளின் பெயரிலேயே எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. உயிர்க்கலங்கள் பற்றிப் பிடித்து ஏறி வளர்வதற்கு, நுண்துளைகள் நிறைந்த ஒரு தாங்கி வேண்டும். இழையம் வளர்ந்த பிறகு அந்தத் தாங்கி மெல்லக் கரைந்து போக வேண்டும். கட்டடத்துக்கு மேசன்மார் கம்பு கட்டி ஏறுவார்களே, அதே யோசனை. அதனால் நானும் 'சாரம்' என்றே சொல்லி வந்தேன். ஒரு நாள் போனில் ஒரு மாணவியிடம், "சாரம் எல்லாம் காயப்போட்டிருக்கேன், நாளைக்குத்தான் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, "யாரு சாரத்தடி தொவைச்சுப் போட்ட?" என்றார். நம் நாட்டில் சாரம் என்றால் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுவதுதானே. அன்றிலிருந்து சாரக்கட்டு என்றே சொல்கிறேன்.

ஏன் இரண்டையும் கலக்க வேண்டும்? பட்டின் நடுப்புரதமான பைப்ரோயின் உறுதியானது, உடம்புக்குள் மெதுவாகத்தான் சிதையும். ஆனால் அதை மட்டும் வைத்துச் செய்த பஞ்சு காய்ந்தால் ரஸ்க் மாதிரி நொறுங்கும். அல்ஜினேற்று தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும், மெதுமெதுவென்று இருக்கும். ஆனால் பலம் போதாது, உயிர்க்கலங்களும் அதில் சரியாக ஒட்டாது. சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது கொஞ்சம் மூடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பட்டுக்கூடு. எனக்கு வருவது ஓசூர்ப் பக்கத்திலிருந்து. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா அனுப்பப்பட்ட பெரியப்பா குடும்பம் அந்தப் பக்கம் குடியேறியது. அங்கே பட்டுப்புழு வளர்ப்பு பெரிய தொழில். யாராவது வரும்போது புழு இல்லாத, காய்ந்த வெறும் கூடுகளை உரிய அனுமதிக் கடிதத்தோடு எடுத்து வருவார்கள். பூச்சி ஓட்டை போட்டு வெளியேறிய கூடு நூல் எடுப்பவர்களுக்கு உதவாது, ஏனென்றால் இழை அறுந்திருக்கும். நாம் எப்படியும் கரைக்கப் போகிறோம், நமக்கு அதுவே போதும். கூட்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, உள்ளே ஒட்டியிருக்கும் புழுத் தோலையும் மஞ்சள் கறையையும் எடுத்துவிட்டு, தபால்தலை அளவுக்கு நறுக்குங்கள். 5 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். சாயம் போட்ட பட்டுச்சேலைத் துண்டை வைத்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சாயம் எங்கே போய் ஒளியும் என்று யாருக்கும் தெரியாது.

பட்டிழையைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கும். கூட்டின் எடையில் கால் பங்கு அதுதான். அதைக் கழற்றச் சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடா. 2 லீற்றர் தண்ணீருக்கு 4.24 கிராம். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழு 2011 இல் வெளியிட்ட செய்முறையின் அளவு இது. உலகம் முழுக்க இதையே பின்பற்றுகிறார்கள். தண்ணீர் கொதித்த பிறகு சோடாவைப் போட்டு, அது கரைந்ததும் கூட்டுத் துண்டுகளைப் போட்டு, 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

இந்த 30 நிமிடம் கடல்மட்டத்துக் கணக்கு. தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகைதான் வரும். பருப்பு வேக நேரமாவது மலைநாட்டில் எல்லோருக்கும் தெரியும், பசை கழல்வதும் அப்படித்தான். அம்மா வீட்டு அடுப்பில் நான் 40 நிமிடம் வைக்கிறேன். பிரஷர் குக்கரில் போட்டால் சீக்கிரம் முடியுமே என்ற யோசனை வரும். எனக்கும் வந்தது, செய்தும் பார்த்தேன். பசையோடு சேர்த்துப் பைப்ரோயினின் சங்கிலியும் துண்டு துண்டாகிவிட்டது; கடைசியில் கிடைத்த பஞ்சு விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது.

கொதித்ததும் இழைகளை எடுத்து, குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை, தடவைக்கு 20 நிமிடம் ஊறவைத்துப் பிழியுங்கள். பசை போன பட்டு பஞ்சுபோல உப்பி, விரலில் வழுக்காமல் 'கிறீச்' என்று பிடிக்கும். வழவழப்பு இருந்தால் பசை மிச்சம். உருண்டையாகச் சுருண்டு கிடப்பதைப் பிரித்துப் போட வேண்டும், இல்லையென்றால் நடுப்பகுதி காயாது, பிறகு கரையவும் செய்யாது. இதில் அம்மாவை அடிக்க ஆளில்லை. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள். இழையை அறுக்காமல், பாயில் மல்லிகை உதிர்த்த மாதிரி பரப்பிவிடுவார். எனக்குப் பத்து நிமிடம் எடுக்கும் வேலை அவருக்கு இரண்டு நிமிடம்.

காய்ந்த பிறகு நிறுத்துப் பாருங்கள். 5 கிராம் கூடு 3.6, 3.7 கிராமாக வந்தால் பசை ஒழுங்காகப் போயிருக்கிறது. ஆனால் ஜூன், ஜூலையில் மிஸ்ட் இறங்கும் நாட்களில் தராசை அப்படியே நம்ப வேண்டாம். பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வியாபாரத்திலேயே பட்டு எடைக்கு 11 சதவீத ஈரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு முறை எனக்கு 4.1 கிராம் வந்தது, பசை போகவில்லை என்று நினைத்து மறுபடி கொதிக்க வைத்துப் பட்டைக் கெடுத்தேன். 40 பாகைச் சூடடுப்பில் இரவு வைத்து, வெளியே எடுத்த உடனே நிறுக்க வேண்டும். அடுப்புக்கு மேலே பரணில் காயப்போடவும் கூடாது, புகை ஏறும்.

அடுத்தது கரைத்தல். இதை வீட்டில் செய்யாதீர்கள். எல்லோரும் சொல்லும் வழி இலிதியம் புரோமைட்டு, 9.3 மோலர் கரைசலில் 60 பாகையில் 4 மணி நேரம். நல்ல வழிதான், ஆனால் விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். மலிவான வழி கல்சியம் குளோரைட்டு, எதனோல், தண்ணீர் மூன்றையும் 1:2:8 என்ற மூல் விகிதத்தில் சேர்ப்பது. நம் 3.6 கிராம் பட்டுக்கு ஏறத்தாழ 36 மில்லிலீற்றர் தேவை. நான் 50 மில்லிலீற்றர் அளவுக்குத் தயாரிப்பேன். நீரற்ற கல்சியம் குளோரைட்டு 18.5 கிராம், தண்ணீர் 24 மில்லிலீற்றர், எதனோல் 19.5 மில்லிலீற்றர். உங்கள் போத்தலில் 'இருநீரேற்று' என்று இருந்தால் உப்பு 24.5 கிராம், தண்ணீர் 18 மில்லிலீற்றர். லேபலைப் பார்க்காமல் போட்டால் விகிதம் தப்பி, பட்டு பாதி கரைந்தும் பாதி கரையாமலும் நிற்கும்.

உப்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், முகவை கை சுடும் அளவுக்குச் சூடாகும். ஆறிய பிறகுதான் எதனோல். ஊதா நிற மெதிலேற்று ஸ்பிரிட் உதவாது, சுத்தமான எதனோல் வேண்டும்; அதற்கு அனுமதி பெற்ற ஆய்வுகூடத்திலேயே செய்வது உத்தமம். மூடிய போத்தலில், 70 பாகைத் தண்ணீர்த் தொட்டியில், தீச்சுவாலை பக்கத்திலில்லாமல், பட்டைச் சிறிது சிறிதாக அமுக்கிவிடுங்கள். முதலில் வெள்ளைப் பஞ்சாக மிதப்பது, பிறகு கண்ணாடி போலாகி, இரண்டு மூன்று மணி நேரத்தில் தேன் நிறத்தில் கெட்டியான திரவமாகிவிடும். ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் இழை இருக்கும். அது கண்முன்னால் காணாமல் போவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இப்போது கைவசம் இருப்பது பட்டும், எடையில் அதைவிடப் பல மடங்குக் கல்சியம் குளோரைட்டும் கலந்த ஒரு குழம்பு. உப்பை வெளியேற்ற டயலிசிஸ். சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்வதன் அதே தத்துவம்தான்: 3.5 கிலோடால்டன் துளையளவுள்ள சவ்வுக் குழாயில் கரைசலை ஊற்றி இரு பக்கமும் கட்டி, காய்ச்சி வடித்த நீரில் போட்டுவிட்டால் உப்பு வெளியே போகும், பெரிய புரதம் உள்ளே நிற்கும். குழாயைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உப்பு வெளியே போவதற்கு முன்பே தண்ணீர் உள்ளே பாயும். கரைசல் இரண்டு மடங்காகப் பெருகும், நிரப்பிக் கட்டினால் முடிச்சு தெறிக்கும்.

3 லீற்றர் தண்ணீர். முதல் நாள் 1, 3, 6 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். பிறகு காலையும் மாலையும். இலிதியம் புரோமைட்டு வழிக்கு 48 மணி நேரம் போதும் என்பார்கள். கல்சியத்துக்கு நான் 72 மணி நேரத்துக்குக் குறைய விடுவதில்லை. என் முதல் சவ்வரிசிக் கஞ்சிக்குக் காரணம், அன்று 24 மணி நேரத்தில் எடுத்ததுதான். குழாய்த் தண்ணீரில் டயலிசிஸ் செய்யலாமா என்று கேட்காதீர்கள். நம் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறு மாதிரி இல்லை. இருந்தாலும் அதிலும் கொஞ்சம் கல்சியம் உண்டு.

முடிந்ததா என்று பார்க்க இரண்டு சோதனை செய்வேன். இரவு முழுக்க நின்ற வெளித்தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அமோனியம் ஒட்சலேற்று விட்டால் பால்போல வெளுக்கக் கூடாது. வெளுத்தால் கல்சியம் இருக்கிறது. இரண்டாவது இன்னும் நேரடியானது: மணிக்கூட்டுக் கண்ணாடி என்ற குழிந்த கண்ணாடித் தட்டில் ஒரு கரண்டி அல்ஜினேற்றுக் கரைசலை ஊற்றி, பட்டுக் கரைசலை அதில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கறுப்புத் துணிக்கு மேலே வைத்துப் பார்த்தால் தெரியும். சொட்டு பரவிக் காணாமல் போனால் நல்லது. ஓரத்தில் மெல்லிய தோல் பிடித்து, ஊசியால் தொட்டால் நூல்போல இழுபட்டால், இன்னும் ஒரு நாள். முழு முகவையையும் பலிகொடுப்பதைவிட ஒரு சொட்டு மேல்.

பிறகு குப்பையை அகற்ற 4 பாகையில், நிமிடத்துக்கு 9000 சுற்றில், 20 நிமிடம் வீதம் இரண்டு தடவை மையநீக்கியில் சுழற்றுங்கள். செறிவு அறிய, எடை தெரிந்த தட்டில் 0.5 மில்லிலீற்றரை 60 பாகையில் காயவைத்து நிறுத்தால் போதும். எனக்கு 3 முதல் 4 சதவீதம் வரும். பிரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவேன். குலுக்க வேண்டாம். பைப்ரோயின் கோபக்காரன், வேகமாக ஆட்டினால் தானாகவே கூழாகிவிடும், திரும்பக் கரையாது.

இனிக் கடற்பாசி. இதில் ஒரு கதை உண்டு. எங்களிடம் படித்த ஒரு தம்பிக்குக் கிளிநொச்சிப் பக்கம் வலைப்பாடு. விடுமுறை முடிந்து ஒரு பெரிய உரப்பையோடு வந்து நின்றான்.

"அக்கா, கடற்பாசி கொண்டந்திருக்கிறன். காசு குடுத்து வாங்கத் தேவையில்லை."

பையைத் திறந்தால் கயிற்றில் வளர்க்கும் கப்பாபைக்கஸ், நன்றாகக் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"இது சிவப்புப் பாசி தம்பி. இதில கராஜீனன்தான் வரும், அல்ஜினேற்று வராது."

"பாசி எண்டா எல்லாம் ஒண்டுதானே அக்கா?"

நம் பேச்சில் எல்லாம் கடற்பாசிதான், அவனைக் குறை சொல்லி என்ன. நோன்பு காலத்தில் பாலும் சீனியும் விட்டு உறைய வைக்கும் கடற்பாசி அகார்; அது கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்து வருவது, சூடாக்கிக் குளிரவைத்தாலே உறையும். வலைப்பாட்டுப் பாசியிலிருந்து வருவது கப்பா வகைக் கராஜீனன். அதை இறுக்குவது பொற்றாசியம். கல்சியத்தால் இறுகும் அல்ஜினேற்று, சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளில்தான் உண்டு. அதன் சங்கிலியில் குலூரோனிக்கமிலம் தொடர்ந்து வரும் இடங்களில் சின்னச் சின்னக் குழிகள் அமையும். இரண்டு சங்கிலி எதிரெதிரே நிற்க, குழிக்கு ஒன்றாகக் கல்சியம் போய் உட்காரும். முட்டைக் கடைகளில் பார்க்கும் முட்டைத் தட்டு மாதிரி. விஞ்ஞானிகளும் அதற்கு முட்டைப்பெட்டி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தம்பியின் பையில் இருந்ததை வீணாக்கவில்லை, அவன் அதை வைத்தே வேறொரு கூழ் செய்தான்.

பழுப்புப் பாசியிலிருந்து நீங்களே எடுத்துப் பார்க்க விரும்பினால், கழுவிக் காயவைத்துத் தூளாக்கி, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, 2 அல்லது 3 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் 60 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் கோந்துபோல இறங்கும். துணியில் வடித்து, இரண்டு மடங்கு எதனோலில் ஊற்றினால் நூல்நூலாகத் திரளும். பட்டின் பசையைக் கழற்றிய அதே சோடாதான் இங்கே பாசியின் பசையையும் கழற்றுகிறது. பழகிப் பார்க்க நல்லது. ஆனால் பழுப்பு நிறமும் பலவித அசுத்தங்களும் அதில் ஒட்டியிருக்கும். உயிர்க்கலச் சோதனைக்குச் சுத்திகரித்த தூளையே வாங்குங்கள்.

தூள் 1 கிராம், தண்ணீர் 50 மில்லிலீற்றர். குரக்கன் மாவை மொத்தமாகக் கொட்டினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே? அதேதான் இங்கேயும். தூளைச் சில துளி எதனோலில் நனைத்துவிட்டு, சுழலும் தண்ணீரில் தூவினால் கட்டி விழாது. இரவு பிரிட்ஜில் வைத்தால் குமிழ்கள் ஏறிப் போய்விடும்.

கலப்பதற்கு என் அளவு, காய்ந்த எடையில் பட்டு 70, பாசி 30. 3 சதவீதப் பட்டுக் கரைசல் 70 மில்லிலீற்றரில் 2.1 கிராம் பட்டு இருக்கும். 2 சதவீத அல்ஜினேற்று 45 மில்லிலீற்றரில் 0.9 கிராம். பாசியைப் பாதிக்கு மேல் போட்டால் பஞ்சு வழுவழுத்துத் தொய்கிறது, 10, 15 சதவீதத்துக்குக் குறைத்தால் பாசி இருப்பதே தெரிவதில்லை. இரண்டும் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு, பாசிக் கரைசலை முகவையின் சுவரோரமாக ஒழுகவிட்டு, கண்ணாடிக் கோலால் தேநீர் ஆற்றும் அவசரம் இல்லாமல் கலக்குங்கள். நடுநிலைக் கரைசலில் இரண்டுக்கும் ஒரே வகை ஏற்றம், அதாவது மறை ஏற்றம்; ஒன்றையொன்று தள்ளும். அதனால் உடனே திரளாது, ஆனால் நேரம் போகப் போகப் பிரிந்து நிற்கப் பார்க்கும். அமிலம் பட்டால் இரண்டுமே திரளும். ஒரு மணி நேரத்துக்குள் அச்சில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள்.

அச்சாக 24 குழித் தட்டு பாவிக்கிறேன், குழிக்கு 1.5 மில்லிலீற்றர். -20 பாகையில் ஓர் இரவு. துளைகளை உண்டாக்குவது ஐஸ் பளிங்குகள்தான். மெதுவாக உறைந்தால் பளிங்கு பெரிது, துளையும் பெரிது; -80 இல் சட்டென்று உறைய வைத்தால் துளை சிறிது. பிறகு உறைநிலையிலேயே வெற்றிடத்தில் 48 மணி நேரம் உலர்த்த வேண்டும். ஐஸ் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிப் போனால், அது இருந்த இடம் துளையாக நிற்கும்.

2022 மார்ச் கடைசியில், நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரன்ட் இல்லாத கிழமையில், எங்கள் உலர்த்தியில் ஒரு முழுத் தட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஐஸ் உள்ளேயே உருகி, துளைகள் இடிந்து, காலையில் திறந்தபோது நனைந்து காய்ந்த அப்பளம் மாதிரி இருபத்து நான்கு வட்டம். அதற்குப் பிறகு உலர்த்தி இல்லாத வழி ஒன்றைப் பழகிக்கொண்டேன். உறைந்த துண்டுகளை, முன்கூட்டியே -20 பாகைக்குக் குளிரவைத்த, 1 சதவீதக் கல்சியம் குளோரைட்டுக் கரைந்த 80 சதவீத எதனோலில் போட்டு, அதே குளிரில் ஒரு நாள் வைப்பது. எதனோல் அந்தக் குளிரில் உறையாது. ஐஸை மெல்லக் கரைத்து எடுக்கும், துளை இடிவதற்குள் கல்சியம் பாசியை இறுக்கிவிடும். மூடியுள்ள போத்தல், ஆய்வுகூடத்துக்கென்ற உறைபெட்டி இரண்டும் முக்கியம். வீட்டுப் பிரிட்ஜில் எதனோல் ஆவி சேர்ந்தால் ஒரு சின்னப் பொறி போதும்.

உலர்த்தியில் எடுத்த பஞ்சை அப்படியே தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். இப்போதுதான் கல்சியத்தைக் கூப்பிட வேண்டும். 80 சதவீத எதனோலில் 1 சதவீதக் கல்சியம் குளோரைட்டு, ஒரு மணி நேரம். எதனோல் பைப்ரோயினின் சங்கிலிகளை மடித்து அடுக்கி, தண்ணீரில் கரையாத பீற்றாத் தாள் வடிவத்துக்குக் கொண்டுவரும். கல்சியம் முட்டைத் தட்டில் உட்காரும். பாசி எதனோலில் கரையாது என்பதால் வடிவமும் குலையாது. பலர் மெதனோல் பாவிக்கிறார்கள். அதன் நஞ்சுக்குப் பயந்து நான் தொடுவதில்லை. அப்புறம் 1 சதவீதக் கல்சியம் குளோரைட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம், பிறகு மூன்று தடவை கழுவல்.

ஒன்றைத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் வையுங்கள். விரலில் வழவழத்தால் பாசி பிடிக்கவில்லை. தண்ணீர் மங்கலானால் பட்டு அடங்கவில்லை. ஈரமாக இருக்கும்போது இரு விரலால் அமுக்கி விட்டால் திரும்ப எழ வேண்டும். அகச்சிவப்பு நிறமாலைக் கருவி கிடைத்தால், பட்டின் முதல் அமைட்டு உச்சி அலையெண் 1640 பக்கத்திலிருந்து 1620 பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் மடிப்பு சரி.

ஒரு மாணவி நல்ல பஞ்சுகளைச் செய்து, அமிலத்தன்மை மாறாமல் பிடித்து வைக்கும் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் போட்டுவிட்டு மூன்று நாள் கழித்து வந்து, "அக்கா, எல்லாம் தொளதொளன்னு ஆகிருச்சு" என்று அழாக்குறையாக நின்றாள். பொசுபேற்று கல்சியத்தைப் பறிக்கும், சோடியம் அதன் இடத்தில் போய் உட்காரும், முட்டைத் தட்டு காலி. சித்திரேற்று இன்னும் மோசம். திரிஸ் தாங்கல் பாவித்து, அதிலும் கொஞ்சம் கல்சியம் போட்டு வைத்தால் நிற்கும்.

கிருமி நீக்க 121 பாகை ஓட்டோகிளேவ் வேண்டாம். பட்டு தாங்கும், பாசியின் சங்கிலி அறுந்துவிடும். ஆய்வுகூடச் சோதனைக்கு 70 சதவீத எதனோலில் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

இந்தப் பஞ்சைப் புண்ணில் வைக்கக் கூடாது. அம்மாவின் ஆட்காட்டி விரலில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த ஒரு கோடு எப்போதும் இருக்கும். "காயத்துக்குன்னுதானே செய்யிற, ஒரு துண்டு வச்சுப் பாக்கட்டா?" என்றார். பாசித்தூளில் பற்றீரியாக்களின் நச்சுத் துணுக்குகள் ஒளிந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது, எதனோலுக்கும் போகாது. மருத்துவச் சாதனங்கள் உடம்புக்கு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 என்ற தரநிலைத் தொடரில் சொல்லும் சோதனைகளையெல்லாம் தாண்டாமல் எதுவும் உடம்பைத் தொடக்கூடாது. இதை அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் அவரே தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

காய்ந்த பஞ்சுகளைச் சிலிக்காஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் போத்தலில் போடுங்கள். திறந்து வைத்தால் ஒரு மழைக்கிழமையில் சுருங்கிப் போகும். மூடியில் திகதி, பட்டு–பாசி விகிதம், கல்சியம் கொடுத்தாயிற்றா இல்லையா, மூன்றையும் எழுதுங்கள். கொடுத்ததும் கொடுக்காததும் பார்வைக்கு ஒரே வெள்ளை. தண்ணீரில் போடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.